நிரூபிக்கப்படாத குற்றச்சாட்டும் வாழ்க்கைக் குறிப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இணையத்தில் பிறருடைய வாழ்க்கைக் குறிப்புகளை எழுதுகிறவர்களும் திருத்துகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சட்டங்கள் நாட்டுக்கு நாடு மாறும். இது சட்ட ஆலோசனை இல்லை. ஆனால் நீதிமன்றத்தில் குற்றம் உறுதியாகும்வரை எவரும் நிரபராதியாகவே கருதப்பட வேண்டும் என்ற உரிமை எல்லாருக்கும் பொது. 1948-ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனம் தன் 11-ஆம் பிரிவில் அதைச் சொல்லியிருக்கிறது. கீழே உள்ள பதில்கள் எல்லாம் அந்த உரிமையிலிருந்து கிளைத்தவைதாம்.

நம்பகமான செய்தித்தாளிலேயே வந்துவிட்டது. அதை அப்படியே வாழ்க்கைக் குறிப்பில் எடுத்து எழுதினால் என்ன தவறு?

செய்தி அன்றன்றைக்கு எழுதப்படுவது. இன்று கைது என்று வரும், இரண்டு வாரம் கழித்து ஜாமீன் என்று வரும், பிறகொரு நாள் விடுதலை என்று வரும். வாசகரும் அந்தந்த நாளின் தகவலாகவே அதை எடுத்துக்கொள்கிறார். வாழ்க்கைக் குறிப்பை யாரும் அப்படி வாசிப்பதில்லை. இவர் யார் என்று தெரிந்துகொள்ள வருகிறவர், அங்கே கண்டதை அந்த மனிதரைப் பற்றிய கடைசி வார்த்தையாக எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். வேலை கொடுப்பவர், கடன் கொடுக்கும் வங்கி அலுவலர், பிள்ளையின் வகுப்புத் தோழர்கள் என்று எல்லாரும் தேடுபொறியில் பெயரைத் தட்டினால் முதலில் வந்து நிற்பது அந்தப் பக்கம்தான்.

1996 ஜூலை 27 அன்று, அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் ஒலிம்பிக் போட்டிகள் நடந்துகொண்டிருந்தபோது அங்கே ஒரு பூங்காவில் குண்டு வெடித்தது. கேட்பாரற்றுக் கிடந்த பையை முதலில் கவனித்து, சுற்றியிருந்தவர்களை அப்புறப்படுத்த உதவியவர் ரிச்சர்ட் ஜூவல் என்ற பாதுகாவலர். மூன்று நாள் கழித்து, புலனாய்வாளர்கள் ஜூவலையே சந்தேகிக்கிறார்கள் என்று அந்நகரத்து நாளிதழ் எழுதியது. அந்தச் செய்தியில் பொய் இல்லை. அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. உண்மையிலேயே அவரைத்தான் சந்தேகித்தது. அக்டோபர் கடைசியில், அவர் விசாரணை வளையத்தில் இல்லை என்று அரசு வழக்கறிஞர் கடிதம் கொடுத்தார். அவர்மீது ஒருபோதும் வழக்குத் தொடரப்படவில்லை. குண்டு வைத்த எரிக் ருடால்ஃப் 2005-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஜூவல் 2007-இல், 44 வயதில் இறந்துபோனார்.

அந்த மூன்று மாத இடைவெளியில் யாராவது ஜூவலின் வாழ்க்கைக் குறிப்பை எழுதியிருந்தால், ஒவ்வொரு வரிக்கும் கையில் ஆதாரம் இருந்திருக்கும். ஆனாலும் அந்தப் பக்கம் முழுவதும் அநீதியாகத்தான் இருந்திருக்கும். "ஆதாரம் இருக்கிறதே" என்பது எழுதுவதற்கான அனுமதிச் சீட்டாகிவிடாது என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

புகார், கைது, குற்றப்பத்திரிகை, தீர்ப்பு: இவற்றுக்கிடையே எழுத்தில் எவ்வளவு வேறுபாடு காட்ட வேண்டும்?

முழு வேறுபாடும் காட்ட வேண்டும். வழக்கு எந்தப் படியில் நிற்கிறதோ அந்தப் படியைத் தாண்டி ஒரு சொல்லும் போகக் கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் வாசிக்க நேரமிருக்கிறது என்றால் இதை வாசியுங்கள்.

புகார் என்றால், ஒருவர் இன்னொருவரைப் பற்றி ஒன்றைச் சொல்லியிருக்கிறார் என்று மட்டும் பொருள். வழக்குப் பதிவு என்றால், சொன்னதைக் காவல்துறை ஏட்டில் ஏற்றியிருக்கிறது. கைது என்றால், சந்தேகிக்கக் காரணம் இருப்பதாகக் காவல்துறை கருதுகிறது. குற்றப்பத்திரிகை தாக்கலானால், நீதிமன்றத்தில் வாதாடும் அளவுக்குச் சான்று இருப்பதாக அரசுத் தரப்பு சொல்கிறது. இதுவரை பேசியவர்கள் அனைவரும் ஒரு தரப்பினர். மறுதரப்பையும் கேட்டு, சாட்சிகளைக் குறுக்கு விசாரணைக்கு உட்படுத்தி, நடுநிலையான ஒருவர் பேசுவது தீர்ப்பில்தான் முதல்முறையாக நடக்கிறது. அதற்குப் பிறகும் மேல்முறையீடு இருக்கிறது.

பழக்கத்தில் நம் கை தானாக எழுதிவிடும் சொற்கள் இந்தப் படிகளைக் கலைத்துப் போடுகின்றன. மோசடியில் "சிக்கினார்" என்றால் மோசடி நடந்தது, அதில் அவருக்குப் பங்கும் உண்டு என்றாகிவிடுகிறது. "அம்பலமானது" என்றால் மறைந்திருந்த உண்மை வெளியே வந்துவிட்டது என்று பொருள். வெளியே வந்ததோ வெறும் புகார்தான். "தலைமறைவானார்" என்ற சொல் அவர் ஓடி ஒளிந்தார் என்கிறது. அவர் முன்பே வெளியூர் போயிருக்கலாம், தம்மைத் தேடுகிறார்கள் என்பதே அவருக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். "வாக்குமூலம் அளித்தார்" என்பதும் அப்படித்தான். காவல்நிலையத்தில் சொன்னதாகச் சொல்லப்படும் வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்க மறுக்கும் சட்டங்கள் உண்டு. நீதிமன்றமே ஏற்காத ஒன்றை நாம் ஒரு மனிதரின் வாழ்க்கையில் உண்மையாகப் பொறிப்பது எந்த வகையில் நியாயம்?

இவற்றிலெல்லாம் மோசமானது "சிறை சென்றவர்". விசாரணைக் காவலில் வைக்கப்பட்டவரையும் தண்டனை பெற்றுச் சிறையில் இருந்தவரையும் இந்த ஒரே சொல் ஒன்றாக்கிவிடுகிறது. முன்னவர் சட்டத்தின் கண்ணில் இன்னும் நிரபராதி. "நீதிமன்றக் காவலில் வைக்கப்பட்டார்" என்று எழுத இன்னும் ஒரு சொல் கூடுதலாகச் செலவாகும், அவ்வளவுதான்.

இங்கிலாந்து நீதிமன்றங்கள் அவதூறு வழக்குகளில் ஒரு கேள்வி கேட்கும்: வாசிப்பவருக்கு இந்த வரி எதைச் சொல்கிறது? அவர் குற்றம் செய்தார் என்கிறதா, அவரைச் சந்தேகிக்கத் தக்க காரணம் உண்டு என்கிறதா, விசாரித்துப் பார்க்கக் காரணம் உண்டு என்கிறதா? எழுதி முடித்த ஒவ்வொரு வரியிடமும் நீங்களும் இதைக் கேட்டுப் பாருங்கள்.

"கூறப்படுகிறது" என்று சேர்த்துவிட்டால் போதாதா?

போதாது. பெரும்பாலும் அது தவறான இடத்தில்தான் போய் ஒட்டிக்கொள்கிறது. நானே கற்பனையாக எழுதிய ஒரு வரியைப் பாருங்கள். இதே அச்சில் வார்த்த வரிகளை எத்தனையோ பக்கங்களில் காணலாம்.

"நிதி மோசடியில் சிக்கிய இவர் 2019-இல் அதிரடியாகக் கைது செய்யப்பட்டுச் சிறை சென்றதாகக் கூறப்படுகிறது."

இதில் உறுதியாகத் தெரிந்தது எது? கைது. அதற்குத் தேதி உண்டு, பதிவு உண்டு. உறுதியாகாதது எது? மோசடி. ஆனால் வரியில் "கூறப்படுகிறது" ஒட்டியிருப்பது கைதோடு. மோசடியோ எந்தத் தயக்கமும் இல்லாமல் நடந்து முடிந்த செயலாக நிற்கிறது. யார் கூறினார்கள் என்றும் இல்லை. கைது எந்த வகையில் "அதிரடி" என்பதும் தெரியவில்லை. இனி இதையே இப்படி எழுதலாம்:

"தாம் நிர்வகித்த நிறுவனத்தின் பணத்தைக் கையாடியதாக அதன் பங்குதாரர் ஒருவர் அளித்த புகாரின் பேரில், 2019 மார்ச்சில் காவல்துறை இவரைக் கைது செய்தது. ஏப்ரலில் ஜாமீனில் வெளிவந்தார். குற்றச்சாட்டை இவர் மறுத்துள்ளார். 2024 ஜூன் நிலவரப்படி வழக்கு விசாரணையில் உள்ளது."

நீளம் கூடியிருக்கிறது, ஆனால் யார் சொன்னார், எதைச் சொன்னார், யார் என்ன செய்தார், அவர் என்ன பதில் சொன்னார், வழக்கு இன்று எங்கே நிற்கிறது என்ற ஐந்தும் வந்துவிட்டன. "நிலவரப்படி" என்று போட்ட தேதியை யாரும் பொருட்படுத்துவதில்லை. எனக்கு அதுதான் மிக முக்கியமாகப் படுகிறது. ஐந்தாண்டு கழித்து வருகிற வாசகருக்கு, இந்தத் தகவல் பழையது, அதன் பிறகு ஏதேனும் நடந்திருக்கலாம் என்று அதுதான் எச்சரிக்கும்.

"நான் சொல்லவில்லை, அவர் சொன்னதைத்தான் எழுதினேன்" என்பதும் பெரிதாகக் காப்பாற்றாது. ஒருவர் சொன்ன அவதூறை எடுத்துச் சொல்கிறவரும் அதைச் சொன்னவராகவே கருதப்படுவார் என்பது ஆங்கிலேயச் சட்டத்தில் நெடுங்காலமாக வேரூன்றிய கொள்கை. நீதிமன்ற நடவடிக்கைகளை நேர்மையாகப் பதிவுசெய்வதற்குப் பாதுகாப்பு உண்டு. வதந்தியை நேர்மையாகப் பதிவுசெய்வதற்கு அந்தப் பாதுகாப்பு பொதுவாகக் கிடைப்பதில்லை.

யாரைப் பற்றி என்றால் எழுதவே கூடாது?

பொதுவாழ்வில் இல்லாதவரைப் பற்றி. விக்கிப்பீடியாவின் ஆங்கிலப் பதிப்பில் உயிரோடிருப்பவர்களின் வாழ்க்கைக் குறிப்புகளுக்கென்று இருக்கும் கொள்கை, பொதுவாழ்வில் இல்லாத ஒருவர்மீதான குற்றச்சாட்டை, நீதிமன்றத்தில் குற்றம் உறுதியாகாதவரை, சேர்க்காமல் விடுவதைத் தீவிரமாகப் பரிசீலிக்கச் சொல்கிறது. என் கருத்து இன்னும் கறாரானது: சேர்க்காதீர்கள்.

2010 டிசம்பரில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஓர் இளம்பெண் கொல்லப்பட்டார். அவர் குடியிருந்த வீட்டின் உரிமையாளரான ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரைக் காவல்துறை கைது செய்து, சில நாளில் குற்றச்சாட்டு எதுவுமின்றி வெளியே விட்டது. அந்தச் சில நாள்களுக்குள் அவருடைய தலைமுடி, நடை உடை, பேச்சு, பாடம் நடத்திய விதம் எல்லாவற்றையும் நாளிதழ்கள் குற்றத்தின் அறிகுறிகளாக்கிவிட்டன. 2011-இல் எட்டு நாளிதழ்கள் அவரிடம் மன்னிப்புக் கேட்டு இழப்பீடு கொடுத்தன; அவற்றில் இரண்டுக்கு நீதிமன்ற அவமதிப்புக்காக அபராதமும் விதிக்கப்பட்டது. கொலை செய்தவர் வேறொருவர் என்று அதே ஆண்டு அக்டோபரில் தீர்ப்பானது. அந்த ஆசிரியரின் பெயர் எல்லாருக்கும் தெரிந்ததுதான். இங்கே அது இல்லாமலேயே சொல்ல வந்தது விளங்குகிறது, அதனால் எழுதவில்லை.

அப்படியானால் அதிகாரத்தில் இருப்பவர்கள் தப்பித்துவிடுவார்களே? அவர்களுக்குத்தான் தீர்ப்பே வருவதில்லையே?

நியாயமான கோபம். எனக்கும் அந்தக் கோபம் உண்டு. வழக்கை இழுத்தடிக்கப் பணமும் ஆளும் உள்ளவர், "தீர்ப்பு வரவில்லை, ஆகவே எழுதாதே" என்ற வாதத்தைத் தமக்குக் கேடயமாக்கிக்கொள்ள விடக் கூடாது.

அமெரிக்க அதிபராக இருந்த ரிச்சர்ட் நிக்சனை எடுத்துக்கொள்வோம். எதிர்க்கட்சி அலுவலகத்தில் நடந்த அத்துமீறலை மூடிமறைத்ததாக எழுந்த வாட்டர்கேட் விவகாரத்தில் அவர்மீது எந்த நீதிமன்றத்திலும் குற்றம் உறுதியாகவில்லை, வழக்கே தொடரப்படவில்லை. 1974 ஆகஸ்ட் 9 அன்று பதவி விலகினார். ஒரு மாதத்தில் அடுத்த அதிபர் ஃபோர்டு அவருக்கு மன்னிப்பு வழங்கிவிட்டார். அதற்காக வாட்டர்கேட் இல்லாமல் நிக்சனின் வாழ்க்கையை எழுதமுடியுமா? எழுதியே ஆக வேண்டும். எழுதுவதற்கு "குற்றவாளி" என்ற சொல் தேவையே இல்லை. ஒலிநாடாக்களை ஒப்படைக்கும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது, நாடாளுமன்றக் குழு பதவிநீக்கத் தீர்மானங்களை ஏற்றது, அவர் பதவி விலகினார், மன்னிப்பை ஏற்றுக்கொண்டார். நடந்தவற்றை வரிசையாகச் சொன்னாலே போதும், வாசகர் முடிவுக்கு வந்துவிடுவார்.

பொதுவாழ்வில் இருப்பவருக்கு நான் வைக்கும் அளவுகோல் இதுதான்: குற்றச்சாட்டு அவர் வகிக்கும் பொறுப்போடு தொடர்புடையதா, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நம்பகமான ஊடகங்கள் பல அதை ஆராய்ந்து எழுதியிருக்கின்றனவா, அதனால் ஏதேனும் நடந்ததா? பதவி விலகல், விசாரணை ஆணையம், கட்சி நடவடிக்கை, தேர்தல் தோல்வி போன்ற விளைவுகள் இருந்தால் அது அவர் வாழ்க்கையின் பகுதி. அவருக்குப் பிடிக்காவிட்டாலும் எழுத வேண்டும். அவருடைய ஆள்கள் வந்து அழித்தால், மீண்டும் ஆதாரத்தோடு எழுத வேண்டும். நூறு ஊடகங்கள் எழுதியிருந்தும் எல்லாம் ஒரே செய்தி நிறுவனத்தின் ஒரே அறிக்கையை எடுத்துப் போட்டவை என்றால் அது ஓர் ஆதாரமே. எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம்.

இன்னொரு பக்கமும் உண்டு. அதிகாரத்துக்கு எதிராகப் பேசுகிறவர்மீது பொய் வழக்குப் போடுவது அதிகாரத்தின் பழைய ஆயுதம். இன்று நாம் யாருக்கோ காட்டுகிற கவனம், நாளை அப்படிப்பட்ட ஒருவருக்கும் பாதுகாப்பாக இருக்கும்.

புகார் கொடுத்தவரின் நிலை? எல்லா நியாயமும் குற்றஞ்சாட்டப்பட்டவருக்குத்தானா?

இல்லை. "நிரூபிக்கப்படவில்லை" என்பதும் "பொய்" என்பதும் வேறு வேறு. ஒரு வழக்கு விடுதலையில் முடிந்தால் புகார்தாரர் பொய் சொன்னார் என்று யாரும் தீர்ப்பளித்துவிடவில்லை. சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கும் அளவுக்குச் சான்று சேரவில்லை என்பதே பெரும்பாலான விடுதலைகளின் பொருள். நீதிமன்றமே புகார் பொய்யானது என்று சொல்லியிருந்தால் ஒழிய "பொய்ப் புகார்" என்று எழுதாதீர்கள். அப்படி எழுதினால் அது புகார்தாரர்மீது நிரூபிக்கப்படாத ஒரு குற்றச்சாட்டு.

பாலியல் குற்றப் புகார்களில் பாதிக்கப்பட்டவரின் பெயர், ஊர், பணியிடம், உறவுமுறை எதுவும் வேண்டாம். பல நாடுகளில் அது தண்டனைக்குரிய குற்றம். பெயரை விட்டுவிட்டு, "அவருடைய அலுவலகத்தில் உதவியாளராக இருந்த ஒரே பெண்" என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அது பெயரைச் சொல்வதற்குச் சமம்.

குற்றச்சாட்டுக்கு எவ்வளவு இடம் கொடுக்கலாம்? எங்கே வைப்பது?

நாற்பதாண்டு காலம் ஒரு துறையில் உழைத்தவரின் பக்கத்தில், இரண்டு பத்தி அவருடைய பணிக்கும் எட்டுப் பத்தி ஒரு புகாருக்கும் இருந்தால், ஒவ்வொரு வரியும் சரியாக இருந்தாலும் பக்கம் பொய் சொல்கிறது. செய்தி சூடாக இருக்கும்போது அன்றாடம் ஒரு வரியாகச் சேர்ந்து இப்படி வீங்குகிறது. விசாரணையில் இருக்கும் ஒரு குற்றச்சாட்டுக்கு நான்கைந்து வரிக்கு மேல் தேவைப்படுவது அரிது.

"சர்ச்சைகள்" என்று தனித் தலைப்பு வைப்பதை நான் ஏற்பதில்லை. அப்படி ஒரு தலைப்பு வந்துவிட்டால், அதை நிரப்ப ஆள்கள் வந்துகொண்டே இருப்பார்கள். எந்தக் காலத்தில் நடந்ததோ அந்தக் காலத்துப் பத்தியில் அதைச் சேருங்கள். முன்னுரையில் வைக்க வேண்டுமானால், அவர் அறியப்படுவதே அதனால்தான் என்ற நிலை இருக்க வேண்டும்.

எழுத்தைவிட அதிகமாகக் காயப்படுத்துகிற இடங்கள் மூன்று: பக்கத்தின் ஓரத்தில் விவரங்களைச் சுருக்கித் தரும் தகவல் பெட்டி, ஒரே வகைப் பக்கங்களைப் பட்டியலிடும் பகுப்பு, படம். பெட்டியில் "குற்றச்செயல்: மோசடி" என்று ஒரு வரி போட்டால், அங்கே விளக்கம் சொல்ல இடமே கிடையாது. "குற்றவாளிகள்" என்ற பகுப்பில் பெயரைச் சேர்த்தால் "மறுத்துள்ளார்" என்று அதன் பக்கத்தில் எழுத முடியாது. இரண்டையும் தண்டனை உறுதியானவர்களுக்கே வையுங்கள். காவலர் இருவர் கையைப் பிடித்து அழைத்துச் செல்லும் படமே பக்கத்தின் முதல் படமாக இருந்தால் கீழே நீங்கள் எவ்வளவு நிதானமாக எழுதினாலும் பயன் இல்லை.

கேள்விக்குறி போட்டால் பொறுப்பிலிருந்து தப்பலாம் என்ற நம்பிக்கையும் வீண். "இவர் பணத்தைக் கையாடினாரா?" போன்ற கேள்வித் தலைப்புகளை வாசித்தவர்கள், நேராகக் குற்றஞ்சாட்டிய தலைப்புகளை வாசித்தவர்களுக்குக் கிட்டத்தட்ட இணையாகவே அந்த மனிதரைப் பற்றித் தவறான எண்ணம் கொண்டார்கள் என்று டேனியல் வெக்னர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1981-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். "கையாடவில்லை" என்று மறுத்த தலைப்புகூடக் கொஞ்சம் கறையை விட்டுச் சென்றது.

சமூக ஊடகப் பதிவு, காணொளி, நீதிமன்ற ஆவணம்: எதை ஆதாரமாகக் கொள்ளலாம்?

முதல் இரண்டையும் கொள்ளவே வேண்டாம். நீதிமன்ற ஆவணத்தை நீங்களே தேடி எடுத்து எழுதுவதும் ஆபத்து. மனுவில் இருப்பது மனுதாரரின் கூற்று மட்டும். அதை நீதிமன்றத்தின் முடிவு என்று எண்ணிக்கொள்வது எளிது. அதே பெயரில் வேறொருவர் இருக்கவும் கூடும். தந்தை பெயர், வயது, தொழில் மூன்றும் பொருந்துகிறதா என்று பார்க்காமல் வேறொருவருடைய வழக்கை இவர் தலையில் கட்டிவிடுகிறவர்கள் உண்டு. அனுபவமுள்ள நிருபரும் ஆசிரியர் குழுவும் பார்த்துச் சரிபார்த்து வெளியிட்ட செய்தியே அடிப்படை.

அவர் மறுத்திருக்கிறார். மறுப்பையும் எழுத வேண்டுமா? எல்லாரும் மறுக்கத்தானே செய்வார்கள்?

எழுத வேண்டும், குற்றச்சாட்டு இருக்கும் அதே பத்தியில். விளக்கம் கொடுத்திருந்தால் அதன் சாரத்தையும் ஒரு வரியில் தாருங்கள்.

வழக்கு விடுதலையில் முடிந்துவிட்டது. குற்றச்சாட்டை நீக்கிவிடலாமா, வைத்திருக்கலாமா?

முதலில் எப்படி முடிந்தது என்று பாருங்கள். குற்றம் நடக்கவே இல்லை என்று நீதிமன்றம் சொன்னதா, சந்தேகத்தின் பலனை அளித்து விடுவித்ததா, அரசுத் தரப்பு வழக்கைத் திரும்பப் பெற்றதா, இரு தரப்பும் சமரசமானார்களா, காலவரம்பு கடந்ததால் தள்ளுபடியா? ஒவ்வொன்றையும் அதற்குரிய பெயரிலேயே சொல்லுங்கள். எப்படி முடிந்திருந்தாலும் "தப்பினார்" என்ற சொல் மட்டும் வேண்டாம்.

பொதுவாழ்வில் இல்லாதவர், அல்லது அந்த வழக்கால் வாழ்க்கையில் எதுவும் மாறாதவர் என்றால் மொத்தத்தையும் நீக்குங்கள். வழக்கு அவர் வாழ்க்கையைப் புரட்டிப் போட்டிருந்தால் நீக்குவதே அநியாயமாகிவிடும். இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணன் 1994 நவம்பரில் உளவுக் குற்றச்சாட்டில் கைதானார். 1996-இல் மத்தியப் புலனாய்வுத் துறை குற்றச்சாட்டில் உண்மையில்லை என்று அறிக்கை அளித்தது. 1998-இல் உச்ச நீதிமன்றம் மறுவிசாரணை முயற்சியை ரத்து செய்தது. 2018 செப்டம்பர் 14 அன்று, அவருடைய கைது தேவையற்றது என்று சொல்லி 50 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க அதே நீதிமன்றம் உத்தரவிட்டது. கைதுக்கும் இந்த உத்தரவுக்கும் இடையே கிட்டத்தட்ட 24 ஆண்டுகள். கைதை மட்டும் எழுதி நிறுத்திய பக்கம் அவருக்கு இழைப்பது ஒரு கொடுமை. வழக்கையே மறைத்த பக்கம் அவர் நடத்திய போராட்டத்தை அழித்துவிடும்.

இங்கே ஒரு கடமை உண்டு, நான் மிகவும் பிடிவாதமாக இருக்கும் இடமும் இதுதான். கைது முதல் பக்கத்தில் வரும். விடுதலை ஒன்பதாம் பக்கத்தின் மூலையில் வரும், சில வேளை வராமலே போகும். ஆகவே, குற்றச்சாட்டை எழுதியவரே அதன் முடிவையும் தேடிப் போய் எழுத வேண்டும். கைது பற்றி ஒரு வரி சேர்க்கிறீர்கள் என்றால், ஆறு மாதத்துக்கு ஒரு முறை அந்த வழக்கைப் பார்க்கும் வேலையையும் சேர்த்தே ஏற்றுக்கொள்கிறீர்கள். அதற்கு நேரமில்லை என்றால் அந்த வரியை எழுதாதீர்கள்.

கைதுகூட இல்லை, விசாரணை மட்டும் நடந்தது. அதை எழுதலாமா?

பெரும்பாலும் கூடாது. 2014-இல் பாடகர் கிளிஃப் ரிச்சர்டின் வீட்டைக் காவல்துறை சோதனையிட்டதை பி.பி.சி. ஹெலிகாப்டரிலிருந்து படம் பிடித்து ஒளிபரப்பியது. அவர் கைது செய்யப்படவே இல்லை. அவருடைய அந்தரங்க உரிமை மீறப்பட்டதாக 2018-இல் லண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து 2,10,000 பவுண்டு இழப்பீடு வழங்கியது. விசாரணையில் இருக்கும் ஒருவருக்கு, முறைப்படி குற்றஞ்சாட்டப்படும்வரை, அந்தத் தகவல் அந்தரங்கமாக இருக்கும் என்று எதிர்பார்க்கப் பொதுவாக உரிமை உண்டு என்று 2022-இல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றமும் சொன்னது.

குற்றவியல் வழக்கில் விடுதலை, உரிமையியல் வழக்கில் இழப்பீடு கொடுக்க உத்தரவு. எது உண்மை?

இரண்டும். அமெரிக்கக் கால்பந்து வீரர் ஓ. ஜே. சிம்சனை, முன்னாள் மனைவியையும் அவருடைய நண்பரையும் கொன்ற குற்றச்சாட்டிலிருந்து 1995-இல் குற்றவியல் நீதிமன்ற நடுவர்கள் (ஜூரி) விடுவித்தார்கள். 1997-இல் உரிமையியல் நடுவர்கள் அதே மரணங்களுக்கு அவரைப் பொறுப்பாக்கினார்கள். முன்னதில் நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்க வேண்டும். பின்னதில் எது அதிகம் நம்பத்தக்கது என்று காட்டினால் போதும். இரண்டு தீர்ப்புகளையும் தேதியோடு எழுதி, அளவுகோல் வேறு என்பதை ஒரு வரியில் சொல்லுங்கள். "கொலைகாரர்" என்றும் எழுத முடியாது, விடுதலையோடு நிறுத்தவும் முடியாது.

தண்டனையே கிடைத்துவிட்டது. இனி தயங்க வேண்டியதில்லை அல்லவா?

எந்த நீதிமன்றம், எந்தத் தேதி, எந்தக் குற்றம், மேல்முறையீடு உண்டா என்று சேர்த்து எழுதுங்கள்; தயங்க வேண்டாம். ஆனாலும் திறந்த மனத்தோடு இருங்கள். ஆஸ்திரேலியாவில் லிண்டி சேம்பர்லைன் தம் பச்சிளங்குழந்தையைக் கொன்றதாக 1982-இல் ஆயுள் தண்டனை பெற்றார். டிங்கோ என்ற காட்டுநாய் குழந்தையைத் தூக்கிச் சென்றது என்று அவர் சொன்னதைப் பலர் நம்பவில்லை. குழந்தையின் மேற்சட்டை கிடைத்த பிறகு 1986-இல் வெளியே வந்தார். 1988-இல் தண்டனை ரத்தானது. டிங்கோதான் காரணம் என்று அதிகாரபூர்வமாகப் பதிவானது 2012-இல், குழந்தை இறந்து கிட்டத்தட்ட 32 ஆண்டுகளுக்குப் பிறகு.

நீதிமன்றமே ஆட்சியாளரின் கையில் இருக்கும் இடங்களும் உண்டு. நெல்சன் மண்டேலாவுக்கு 1964-இல் ஆயுள் தண்டனை விதித்ததும் ஒரு நீதிமன்றம்தான்.

இறந்துபோனவர் என்றால்?

பெரும்பாலான நாடுகளில் இறந்தவருக்காக அவதூறு வழக்குத் தொடர முடியாது. ஆனால் வழக்கு நடக்கும்போதே இறந்தவருக்குத் தம்மை நிரூபித்துக்கொள்ளும் வாய்ப்பே கிடைக்கவில்லை. "தீர்ப்புக்கு முன் இறந்தார்; வழக்கு கைவிடப்பட்டது" என்று தெளிவாக எழுதுங்கள். பிள்ளைகள் உயிரோடிருக்கிறார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் சுருக்கம் கேட்டு எழுதலாமா?

குற்றச்சாட்டு தொடர்பான எந்த வரியையும் அப்படி எழுதாதீர்கள். ஆஸ்திரேலியாவில் லஞ்ச முறைகேடு ஒன்றை வெளிக்கொண்டுவந்தவர் பின்னாளில் ஒரு நகராட்சியின் மேயரானார். அவரே அந்த லஞ்ச வழக்கில் சிறை சென்றவர் என்று ஓர் உரையாடல் கருவி சொல்லிவிட்டது. 2023-இல் அது உலகச் செய்தியாயிற்று. வழக்கோடு ஒரு பெயர் அடிக்கடி சேர்ந்து வந்தால், சாட்சி, புகார்தாரர், குற்றவாளி என்ற வேறுபாடு இந்தக் கருவிகளுக்கு எளிதில் குழம்பிப்போகிறது. நீங்கள் தெளிவில்லாமல் எழுதும் வரியையும் நாளை இவை எடுத்து விழுங்கி, இன்னும் மோசமாக்கித் திருப்பித் தரும்.

என்னைப் பற்றியே, அல்லது என் உறவினரைப் பற்றி இப்படி எழுதியிருக்கிறார்கள். என்ன செய்வது?

முதலில் அந்தப் பக்கத்தைத் தேதியோடு பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கோபத்தில் நீங்களே போய் அழித்தால், உண்மையை மறைக்கிறார் என்ற பெயர்தான் மிஞ்சும். திருத்துகிறவர்கள் விவாதிக்கும் பக்கத்தின் பேச்சுப் பகுதியிலோ, தளத்தின் புகார் முகவரியிலோ, எந்த வரி தவறு, சரியான தகவல் எது, அதற்கான ஆதாரம் எது என்று மூன்றே வரியில் எழுதுங்கள். விடுதலைத் தீர்ப்பு இருந்தால் அதன் நகலை இணையுங்கள்.

2005-இல் ஜான் சீகென்தாலர் என்ற மூத்த அமெரிக்கப் பத்திரிகையாளருக்கு, கென்னடி சகோதரர்களின் கொலைகளில் தொடர்பு இருந்ததாகக் கருதப்பட்டது என்று யாரோ ஒருவர் விக்கிப்பீடியாவில் எழுதிவைத்தார். நான்கு மாதம் அது அப்படியே கிடந்தது. அவர் அதைப் பற்றி நாளிதழில் எழுதிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. உயிரோடிருப்பவர்களின் பக்கங்களுக்குத் தனிக் கொள்கை வேண்டும் என்ற உணர்வும் பரவியது. இன்று அந்தக் கொள்கையின்படி, ஆதாரமற்ற அவதூறு வரியை யார் வேண்டுமானாலும், விவாதத்துக்குக் காத்திராமல், உடனே நீக்கலாம். ஆகவே கேட்கத் தயங்காதீர்கள்.

தளம் அசையாவிட்டால் தேடுபொறியை அணுகலாம். காலாவதியான, தேவையற்ற தகவலைத் தம் பெயர்த் தேடலின் முடிவுகளிலிருந்து நீக்கக் கோரும் உரிமையை ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2014 மே மாதத்தில் அங்கீகரித்தது. அங்கே வசிப்பவர்களுக்கு அதற்கான படிவம் தேடுபொறிகளிலேயே கிடைக்கிறது. பிற நாடுகளில் அந்நாட்டுச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரைப் பாருங்கள். அவதூறு வழக்குக்குப் பெரும்பாலும் கால வரம்பு உண்டு, சில நாடுகளில் அது ஒரே ஆண்டுதான். அதனால் பக்கத்தைக் கண்ட தேதியையும் குறித்துவைத்துக்கொண்டு போங்கள்.